கேஸ் ஷீட்டை ஸ்கேனருக்குக் கொடுப்பதற்கு முன்

பழைய கேஸ் ஷீட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு நல்ல ஸ்கேனரும் இரண்டு பையன்களும் போதும் என்றுதான் பல நர்சிங் ஹோம் முதலாளிகள் நினைக்கிறார்கள். பக்கத்துக்கு இத்தனை பைசா என்று கொட்டேஷன் வாங்கி, ஃபைல்களை மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் எம்.ஆர்.டி.யில், அதாவது நோயாளிகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், ரொம்ப நாளாக இருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே சுலபமானது ஸ்கேன் செய்வதுதான்.

காகிதம் தன்னைத்தானே ஓரளவு காப்பாற்றிக்கொண்டது, அது நம் கண்ணில் படவில்லை. ஒருவருடைய ஃபைலைப் பார்க்க வேண்டுமென்றால் ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், தெரிய வேண்டும், ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டும், ஸ்டூல் போட்டு ஏறி ரேக்கிலிருந்து தூசி தட்டி எடுக்க வேண்டும், இதற்கெல்லாம் நடுவில் என்னிடம் காரணம் சொல்ல வேண்டும். வம்புக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அதே ஃபைல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் எதற்கு அட்மிட் ஆனார் என்று பெயரை அடித்துப் பார்த்துவிடலாம். ஹேக்கர் பயம் நியாயமானதுதான்; 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதிச் சமாளித்தார்கள். ஆனால் சின்ன ஊரில் ஒரு நோயாளிக்கு ஆபத்து பெரும்பாலும் அவரைத் தெரிந்தவரிடமிருந்துதான் வருகிறது.

சட்டமும் இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ரேக்கில் கிடக்கும் காகிதத்தைக் கண்டுகொள்ளாது, ஆனால் காகிதத்தில் வாங்கிய தகவலைப் பிற்பாடு டிஜிட்டலாக்கினால் அதுவும் சட்டத்துக்குள் வந்துவிடும். ஸ்கேனர் லைட் ஒரு தடவை ஓடி முடிந்தால் பொறுப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஸ்கேன் செய்தது வெளி ஆள், அவரைப் போய்க் கேளுங்கள் என்று ஆஸ்பத்திரி கையைக் கழுவவும் முடியாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதனால் இப்போதைக்கு யாரும் பதறுவதாகத் தெரியவில்லை.

சரி, உண்மையில் வேலை எங்கே இருக்கிறது? பிரித்து வைப்பதில். எல்லா ஃபைலும் ஒன்றல்ல. கருக்கலைப்பு அட்மிஷன் ரெஜிஸ்டர் சட்டப்படியே ரகசிய ஆவணம், அதை மற்ற ரெஜிஸ்டர்களோடு சேர்த்துக் கட்டி அனுப்பவே கூடாது. எச்.ஐ.வி. தகவலுக்கு 2017-ம் வருஷச் சட்டம் தனியாக இருக்கிறது, மனநலத்துக்கும் அதே வருஷத்தில் ஒன்று. பழைய ஃபைல் சிலவற்றில் அட்டை மேலேயே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டிருப்பார்கள், வார்டு ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் யாரோ போட்டது. அட்டையையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் ஃபைலைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் தெரிவது அந்தக் குறிதான். அந்த மாதிரி ஃபைல்களை வெளியே அனுப்பாமல் உள்ளேயே, பொறுப்பான ஒரே ஆளை வைத்து ஏற்ற வேண்டும்.

அப்புறம் ஃபைலுக்கு வைக்கும் பெயர். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் ஸ்கேன் எடுத்தவர்கள் நோயாளி பெயர், வயது, நோய் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு பி.டி.எஃப்.புக்கும் பெயராகப் போட்டு, பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு ஃபைலைக்கூடத் திறக்க வேண்டாம், ஃபோல்டரைத் திறந்தாலே ஊர்க் கதை முழுக்க வரிசையாக நிற்கும். ஐ.பி. நம்பரும் வருஷமும் மட்டும் பெயராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் பாஸ்வேர்டுக்கு உள்ளே இருக்கட்டும்.

நம் பெயர்கள் தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ரா. லட்சுமி என்று அப்பா இனிஷியலோடு டைஃபாய்டுக்கு வந்தவர், கல்யாணமாகி மு. லட்சுமியாகப் பிரசவத்துக்கு வருவார். இன்னொரு மு. லட்சுமி அதே தெருவிலேயே இருப்பார். பிறந்த தேதி கேட்டால் 'ஒரு நாற்பத்தஞ்சு போட்டுக்குங்க' என்பார்கள், ஐந்து வருஷம் கழித்து வந்தாலும் அதே நாற்பத்தஞ்சுதான். சாஃப்ட்வேர் இந்த இரண்டு மு. லட்சுமிகளையும் ஒருவராக்கிவிட்டால் ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவர் கைக்குப் போய்விடும், மருந்து அலர்ஜி மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் வந்தால் இரண்டு பதிவாகவே விட்டுவிடுங்கள், அவர் நேரில் வரும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் முடிந்த காகிதத்தை என்ன செய்வது என்று பல இடங்களில் யோசிப்பதே இல்லை. உள்நோயாளி ஆவணங்களை டாக்டர்கள் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதிகள். போலீஸ் கேஸ், கோர்ட் கேஸ் என்றால் அது முடியும்வரை தொடக் கூடாது. அதற்குப் பிறகு கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு, இத்தனை நாள் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டுக் காத்தோம் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். துண்டு துண்டாக வெட்டும் மெஷின் ஒன்றும் யானை விலை இல்லை.

எங்களுக்குள் இப்போது ஓடும் சண்டை பாஸ்வேர்டு பற்றியது. ஷிப்டு மாறும்போது நேரமாகிறது என்று வார்டுக்கே ஒரே பாஸ்வேர்டு கேட்கிறார்கள், அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருந்தால்தான் யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார்கள் என்று பதிவாகும், இல்லாவிட்டால் கேட்கப் போனால் எல்லோரும் 'நான் இல்லைங்க' என்பார்கள். மேட்ரன் அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட் அனுப்புவதை நிறுத்தச் சொன்னதற்கே என்மேல் கோபமாக இருக்கிறார்.