பாங்காக்கும் காஞ்சனபுரியும்: கிழமை பார்த்துப் போகவேண்டிய நாலு நாள் யாத்திரை

தாய்லாந்துக் கோயில் பயணத்துக்கு டிக்கெட் போடும் முன் காலண்டரில் கிழமையைப் பாருங்கள். பாங்காக் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. பிராமணர் கோயிலான தேவஸ்தானத்தில் சிவன் சன்னதி வியாழன், ஞாயிறு இரண்டு நாள்தான் திறக்கும், அதுவும் காலை 10 முதல் மாலை 4 வரை. காஞ்சனபுரிப் பக்கத்து எரவான் அருவியில் சனி, ஞாயிறு உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் தாங்காது. இவை மூன்றையும் அனுசரித்தால் செவ்வாயில் தொடங்கி வெள்ளியில் முடிக்கும் வரிசைதான் தோதாக வரும்.

செவ்வாய் காலை தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரிக்கு ரயில். மூன்றாம் வகுப்பு மட்டுமே, ஏ.சி. கிடையாது, வெளிநாட்டவருக்கு ஒரே கட்டணமாக 100 பாட். இந்த ஸ்டேஷன் நகரின் பெரிய ரயில் நிலையங்களில் ஒன்றல்ல, ஆற்றுக்கு மேற்கே சிரிராஜ் மருத்துவமனைப் பக்கம் இருக்கிறது. டாக்சிக்காரரிடம் வெறுமனே 'ரயில்வே ஸ்டேஷன்' என்றால் வேறெங்காவது இறக்கிவிடுவார். வண்டி எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். இன்னொன்று மதியத்துக்கு மேல்தான்.

காஞ்சனபுரியில் எல்லோரும் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தமிழர்கள் நின்று பார்க்கவேண்டிய இடம் வேறு. 1942-43இல் ஜப்பானியப் படை போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். ஊர் நடுவே புல்வெளியும் வெண்கலப் பலகைகளுமாகப் பராமரிக்கப்படும் போர்க் கல்லறையில் அவர்களில் ஒருவர் பெயரும் இருக்காது. அது நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கானது. பக்கத்திலேயே உள்ள மரண ரயில் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். பாதை போன வழி, முகாம்கள், நோய்கள் எல்லாவற்றையும் படமும் மாதிரியுமாக விளக்கியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் வாட் தாவோன் வராராம். வியட்நாமிய பாணியில் கட்டிய இந்த பௌத்தக் கோயிலை ஊரார் 'வாட் யுவான்' என்பார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த நினைவிடம் இங்கேதான் இருக்கிறது; தமிழர்களுக்கான நடுகல்லும் இங்கே நிற்கிறது. பூவும் ஊதுபத்தியும் வைத்து வணங்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பித்ரு காரியம் செய்ய நினைப்பவர்கள் எள், தர்ப்பையை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது. கோயில் வளாகத்தில் எதையும் செய்யுமுன் அங்குள்ள பிட்சுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன், எரவான் அருவி. காஞ்சனபுரி பஸ் நிலையத்திலிருந்து 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காலை முதல் பஸ்ஸையே பிடியுங்கள். திரும்பும் கடைசி பஸ் மாலை நாலு மணிவாக்கில் போய்விடும், அதை விட்டால் வாடகை வண்டிதான். தேசியப் பூங்கா நுழைவு வெளிநாட்டவருக்கு 300 பாட். அருவிக்கு ஏழு அடுக்கு. ஏழாவது அடுக்கின் பாறை மூன்று தலை ஐராவதம்போல் தெரிவதால் இந்தப் பெயர். தாய்லாந்தில் இந்திரனின் யானைக்கு மூன்று தலை வரைவதுதான் வழக்கம். சுண்ணாம்புப் பாறையில் ஓடிவருவதால் தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெரியும். ஆனி ஆடி தாண்டிய பெருமழையில் போனால் கலங்கல்தான் மிஞ்சும். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். இரண்டாம் அடுக்குக்கு மேல் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாட் முன்பணம் கட்டவேண்டும், காலி பாட்டிலைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். மேல் அடுக்குகளைப் பிற்பகலிலேயே மூடிவிடுவதால் நேரே ஏழுக்கு ஏறிவிட்டு, இறங்கும்போது குளிப்பதே கெட்டிக்காரத்தனம். ஐந்தாம் அடுக்குக்குப் பிறகு படிகள் வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. காலைக் கடிக்கும் மீன்களுக்குப் பயந்து கத்துகிறவர்கள் உண்டு. அவை காலின் செத்த தோலைத்தான் கொத்துகின்றன.

பாங்காக் திரும்பி, வியாழன் காலை பத்து மணிக்கு தேவஸ்தானம். சாம் யோட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். 'போட் ப்ராம்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். முதலாம் ராமா மன்னர் காலத்தில் 1784இல் எழுந்த கோயில். வெளியே கோபுரமோ விமானமோ இல்லை, வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும்தான். கவனிக்காமல் கடந்துபோய்விடக் கூடும். உள்ளே சிவனுக்கும் பிள்ளையாருக்கும் நாராயணனுக்கும் தனித்தனிக் கட்டடம். குடுமி வைத்து வெள்ளை உடுத்திய அரசவைப் பிராமணர்கள் பூசை செய்கிறார்கள். நம் ஊர்போல் அர்ச்சனைச் சீட்டு, தட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். உட்கார்ந்து கும்பிட்டு எழுவதுதான் முறை. ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் 'திரியம்பவாய்' சடங்கில் திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்களை இவர்கள் ஓதுகிறார்கள். பல நூற்றாண்டு வாய்வழியாக வந்து உச்சரிப்பு உருமாறிவிட்டதால், பாட்டு மனப்பாடமாக உள்ளவருக்கும் காதில் உடனே பிடிபடாது. எதிரே நிற்கும் சிவப்பு ஊஞ்சல் கம்பம் இந்தச் சடங்குக்கு உரியது. மூங்கில் உச்சியில் கட்டிய காசுப் பையை ஊஞ்சலாடியபடியே பல்லால் கவ்வுவார்கள். விழுந்து உயிர்ப்பலி ஆனதுண்டு. 1935க்குப் பிறகு ஊஞ்சல் ஆடுவதில்லை. இப்போதுள்ளது 2007இல் முடிந்த புதிய தேக்கு.

மதியம் அருங்காட்சியகம். வெயிலில் நடக்காமல் டாக்சி பிடியுங்கள். முழுவதும் பார்க்க முயன்றால் கால்தான் வலிக்கும். முதலில் புத்தைசவன் மண்டபத்தில் ப்ரா புத்த சிகிங் என்னும் புத்தர் திருமேனி, அங்குள்ள பழைய சுவரோவியங்கள். அடுத்து ஜாவாவின் சிங்கசாரியிலிருந்து வந்த மண்டையோட்டுப் பீடப் பிள்ளையார். தென் தாய்லாந்தின் தாகுவா பாவில் கிடைத்த ஆளுயர விஷ்ணுவையும் விடாதீர்கள். அதே தாகுவா பாவில்தான் 'அவனி நாரணம்' என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அது இங்கே இல்லை, தெற்கே நகோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் அரச இறுதி ஊர்வலத் தேர்கள் நிற்கும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

வெள்ளி காலை எட்டரைக்கு அரண்மனைக் கதவு திறக்கும்போதே, வளாகத்தில் மரகத புத்தர் இருக்கும் கோயிலான வாட் ப்ரா கேவுக்குள் இருக்கவேண்டும். நுழைவு 500 பாட். முழங்கால் தெரியக் கூடாது, தோளை மூடிய சட்டை வேண்டும். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைத்து வாசலில் திரும்புகிறவர்கள் அதிகம். வேட்டி, புடவைக்குச் சிக்கலில்லை. வழியில் நல்ல சட்டை போட்ட ஒருவர் "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். நகைக்கடையில் கொண்டுபோய் விடும் பழைய ஏமாற்று அது.

மரகத புத்தர் 66 செ.மீ. உயரம்தான், அதுவும் பச்சை நிறமுள்ள வேறொரு கல், மரகதமல்ல. கோடை, மழை, குளிர் என மூன்று பருவத்துக்கும் மன்னரே உடை மாற்றுவார். சன்னதியில் காலைப் பின்னால் மடக்கி உட்காருங்கள், பாதம் சிலையை நோக்கக் கூடாது. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். உள்ளே படம் எடுக்கத் தடை. கூட்டம் இங்கேயே முட்டிக்கொண்டிருக்க, சுற்றுப் பிராகாரத்தில் தாய்லாந்து ராமாயணமான ராமகியனின் 178 ஓவியங்கள் ஆளின்றிக் கிடக்கும். வடக்கு வாசல் பக்கம் ஜனகர் சீதையைக் கண்டெடுக்கும் காட்சியில் தொடங்கி வலமாக வாருங்கள். கம்பனில் ஊறியவருக்கு அதிர்ச்சிகள் உண்டு: சீதை ராவணனின் மகள், அனுமனுக்கு மச்சகன்னி உட்படக் காதலிகள் பலர்.

அடுத்து வாட் போ. 46 மீட்டர் சயன புத்தரின் பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். சில்லறை வாங்கி 108 கிண்ணங்களில் போட்டுவரலாம். இங்கும் மூலக் கோயிலின் அடித்தளத்தில் 152 ராமகியன் பளிங்குப் புடைப்புகள் உண்டு. படகுத்துறையில் சில பாட் கொடுத்து அக்கரை போனால் வாட் அருண். படிகள் மிகச் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்க்கலாம்.

மாலையில் சீலோம் சாலை மகா மாரியம்மன் கோயில். தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்; தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை வைத்த தட்டை வாசல் கடையில் வாங்கி நீட்டுவார்கள். உள்ளே கேமரா கூடாது. விஜயதசமி இரவு அம்மன் வீதியுலாவுக்கு சீலோமையே மூடிவிடுவதால், அன்று மாலை அந்தப் பக்கம் டாக்சி வராது, ரயிலில் போங்கள்.

சாப்பாடு: 'ஜே' என்று மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீன் சாறோ முட்டையோ இருக்காது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. 'மங்சவிரத்' என்றால் முட்டை வரும். சாதாரணக் கடையில் "மாய் சாய் நாம் ப்ளா" என்று சொல்லாவிட்டால் கீரைப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால், வியாழன் தேவஸ்தானம் முடிந்ததும் இந்தியர் கடைவீதியான பஹுராட் பக்கம் போய்விடுங்கள். பதினைந்து நிமிட நடையில் சப்பாத்தி, சைவக் கடைகள் கிடைக்கும்.