மூக்குப் படங்கள்

பிப்ரவரி 9

ஊர்க் கோடியில் ஒரு நாய். படம் எடுக்கக் குந்தியதுதான் தாமதம், விளையாடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்துவிட்டது. மொத்தம் 40 படங்கள். எல்லாவற்றிலும் கலங்கலாக ஒரு மூக்கு. என் லென்ஸுக்கு ஃபோகஸ் ஆக அரை மீட்டராவது வேண்டும். இது அரைச் சாணில் நிற்கிறது. மிரள்கிற மிருகம் என்றால் தூரத்தில் நின்று பொறுமையாக எடுத்துவிடலாம். பாசக்காரர்களை என்ன செய்வது?

பிப்ரவரி 10

நாள் முழுக்க பஸ். ஜன்னல் வழியாக எடுத்தது ஒன்றும் தேறவில்லை.

பிப்ரவரி 11

வரப்போரம் ஆடுகள். அவையும் நேராக என்னிடமே வந்தன. சரி, மூக்குதான் விதி என்றால் கண்ணையாவது ஒழுங்காக எடுப்போம் என்று உட்கார்ந்தேன். ஆட்டின் கண்மணி வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் நீள்சதுரம். தலையைக் குனிந்து மேயும்போதும் அது தரைக்கு இணையாகவே இருக்கிறது. கண்ணே குழிக்குள் சுழன்றுகொள்ளுமாம், 50 டிகிரிக்கும் மேல். 2015இல் வந்த ஓர் ஆய்வில் படித்திருந்தேன், நம்பத்தான் முடியவில்லை. இன்று ஒரே ஆட்டைத் தலை நிமிர்ந்து ஒன்று, குனிந்து ஒன்று என இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டேன். உண்மைதான்! இரண்டிலும் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டம். அந்த மகிழ்ச்சியில் இருந்தபோது இன்னொரு ஆடு கேமரா வாரை மென்றுகொண்டிருந்தது.

பிப்ரவரி 13

கறுப்புக் கன்றுக்குட்டி. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தபின்தான், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தைப் பாதியாக்கியபின்தான், கறுப்பு கறுப்பாக வந்தது. அதைச் சரிபார்க்கத் திரையைப் பார்த்த நேரத்தில் லென்ஸை ஒரே நக்கு. முதலில் தூசியை ஊதிவிட்டு அப்புறம்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் கீறல் விழும். ஊதுகிறேன், அது மறுபடி நக்குகிறது. மூன்று தடவை.

பிப்ரவரி 14

இன்று புது உத்தி. போய் நிற்பதில்லை, கூப்பிடுவதில்லை. ஒரு கல்தொட்டியில் சாய்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் கண்டுகொள்ளாதவன்போல உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு கழுதை வந்தது. பாயவில்லை, நக்கவில்லை. நான்கடி தள்ளி நின்று, காதிரண்டையும் என் பக்கம் திருப்பி, என்னையே பார்த்தது. நெற்றி மயிர் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. இந்தப் பயணத்தின் முதல் உருப்படியான படம். மிருகங்களோடு பழகும் வித்தை பிடிபட்டுவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது.

கழுதைக்காரர் வந்தார். "தம்பி, தொட்டிய விட்டுக் கொஞ்சம் நகருங்க. அது தண்ணி குடிக்க ரொம்ப நேரமா நிக்குது."