கோ-4 புல்லும் ரெண்டு சர்க்காரும்

மாமாவின் கட்டுத்தரைக்குப் பின்னால் அரை ஏக்கரில் கோ-4 புல் நிற்கிறது. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி, வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ரகம். 'கோ' என்றால் கோயமுத்தூர். போன ஏப்ரலில் இன்னொரு துண்டுக்கும் நடலாம் என்று, கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வாங்க இருவரும் லாலி ரோட்டில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம்.

உள்ளே நடக்கும்போது மாமா கேட்டார்: "ஏம் மாப்ள, இது நம்ம சர்க்காருதா, டெல்லிக்காரங்களுதா?"

நம்முடையதுதான். 1971-இல் தமிழ்நாடு அரசின் சட்டத்தால் பல்கலைக்கழகமானது. டெல்லியின் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். பணமும் வருகிறது, அது வேறு கணக்கு. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தத்தில் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, ரெண்டு சர்க்காரும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் வேளாண்மையோடு ஒட்டிக்கொண்ட வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் மாநிலப் பட்டியலின் 14-ஆவது பதிவில் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. புல்லுக்கு எஜமான் ஒருத்தர். கலைக் கல்லூரியில் தமிழ் நடத்தும் எனக்கு இருவர்.

அதற்காக டெல்லி கையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்திலேயே வீரகேரளம் பக்கம் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்போது மத்திய அரசுடையது. வெள்ளைக் கரும்பை நாணல் மாதிரியான காட்டுக் கரும்போடு ஒட்டி, 1918-இல் கோ-205 என்ற கரும்பு ரகத்தைக் கொடுத்தது. அது விளைந்தது பஞ்சாபில். ஒரு மாநிலம் தன் காட்டை மட்டும் பார்த்திருந்தால் அந்த வேலைக்குக் காசு ஒதுக்கியிருக்குமா?

ஆனால் மாமாவின் மாடு எதைத் தின்னும் என்று யோசிக்க இங்கேயே ஆள் வேண்டும். கல்லூரிக்கும் அப்படித்தான். தரம் இன்னதென்று டெல்லி எழுதும், சம்பளம் சென்னை போடும். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று டெல்லியின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இல் எழுதியது. எனக்கு அதில் பாதிதான், அதுவும் வருஷத்துக்கு 11 மாதம். மாநில உரிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியையும் கொஞ்சம் பேசலாம்.

திரும்பும்போது மாமா கரணைக் கட்டின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டே, "செரி, மே மாசச் சம்பளம் எந்த சர்க்கார் குடுக்கும்?" என்றார்.