கூட்டம் முடிந்த மறுவாரம்

பல சபைகள் சேர்ந்து நற்செய்திப் பெருவிழா நடத்துகிறோம் என்று போஸ்டர் ஒட்டிவிடலாம். மேடை போடலாம், பாடகர் குழு சேர்க்கலாம், மூன்று இரவும் மைதானத்தை நிறைக்கலாம். தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் சபை ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே இப்படிப்பட்ட ஐக்கியக் கூட்டங்களுக்குச் செயலாளராகவும் பல வருடங்கள் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒற்றுமைக்குச் சோதனை வருவது மறுவாரம்தான். ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களின் தீர்மான அட்டைகளை மேசையில் கொட்டிப் பிரிக்கும்போது, எந்த அட்டை யார் கைக்குப் போகிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலைமை சட்டென்று பிடிபடாது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய 47 விழுக்காடு கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கத்தில் மட்டுமே மூன்று வழிபாட்டு முறைகள் உண்டு: லத்தீன் முறையில் 1930-இல் உருவான கோட்டாறு மறைமாவட்டமும் அதிலிருந்து 2014-இல் பிரிந்த குழித்துறையும், மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம், சீரோ மலபார் முறைக்குத் தக்கலை. இவர்களோடு சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபை, இரட்சணிய சேனை, லுத்தரன், பிரதரன், பெந்தெகொஸ்தே, எண்ணி முடியாத தனிச்சபைகள். ஒரே வீட்டில் அம்மா சிஎஸ்ஐ, கட்டிக்கொடுத்த மகள் சேனை, இளைய மகன் பெந்தெகொஸ்தே என்று இருப்பது இங்கே சாதாரணம். கல்யாணத்துக்கு எந்த ஆலயம், அடக்கத்துக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதில் குடும்பங்களே இரண்டுபட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஊரில் 'ஐக்கியம்' என்று மேடையில் சொல்வதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும்.

இளம் ஊழியர்களிடம் பேசும்போதெல்லாம் எங்கள் மாவட்டத்து மயிலாடியின் கதையை எடுப்பேன். அந்த ஊர் மகாராசன் தஞ்சாவூருக்குப் போன இடத்தில் லுத்தரன் மரபில் வந்த மிஷனெரி கோலாப் ஐயர் வழியாக நற்செய்தி கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் அழைப்பின்பேரில் 1806-இல் வந்த ரிங்கல்தௌபே ஜெர்மானிய லுத்தரன். அவரை அனுப்பியது லண்டன் மிஷனெரி சங்கம். 1795-இல் தொடங்கிய அந்தச் சங்கம், எந்தச் சபையின் ஆட்சிமுறையையும் ஏற்றுமதி செய்வது தன் வேலை இல்லை, நற்செய்தியை மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கையாக வைத்திருந்தது. அதாவது தென் திருவிதாங்கூர் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் முதல் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபை பிறந்தபோதே அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகளின் கை இருந்தது. இது தெரியாமல்தான் நம்மில் பலர் 'எங்கள் சபை', 'உங்கள் சபை' என்று எல்லைக்கல் நடுகிறார்கள்.

எல்லை பிரித்த காலமும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன்கள் தங்களுக்குள் வட்டாரம் பிரித்துக்கொண்டன. திருநெல்வேலிப் பக்கம் சிஎம்எஸ் என்னும் சர்ச் மிஷனெரி சங்கம், இங்கே லண்டன் மிஷன். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் போகாததால் சண்டை குறைந்தது, சேர்ந்து வேலை செய்யும் பழக்கமும் வளரவில்லை. 1890-களில் இரட்சணிய சேனையும், 1907-இல் மிசௌரி லுத்தரன் மிஷனும் நாகர்கோவிலில் வேலை தொடங்கிய பிறகு அந்த ஏற்பாடு இங்கே நிற்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அசரியா பேராயரும் மற்றவர்களும் கூடி வெளியிட்ட அறிக்கை, இந்தியாவுக்கு நற்செய்தி சொல்லும் பெரிய வேலையின் முன் நம் பிரிவினைகள் நம்மைப் பலவீனமாக்குகின்றன என்று வெளிப்படையாகவே சொன்னது. அங்கிருந்து 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாகும்வரை 28 வருடங்கள் பேசினார்கள். ஒரே கமிட்டிக் கூட்டத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்வேன்.

இனி அட்டைக்கு வருகிறேன்.

கூட்டம் முடிந்த திங்கட்கிழமை சாயங்காலம் ஞாயிறு பள்ளி அறையில் உட்காருவோம். கட்டன் காப்பி, ரஸ்க், மேசை நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய அட்டைகள். பெயர், வயது, ஊர், போன் எண், கடைசியில் 'தற்போது செல்லும் சபை'. மழைச்சாரல் பட்டு மை கலங்கிய அட்டைகளை ஃபேனுக்கு அடியில் காய வைத்துவிட்டு மற்றதை ஊர் வாரியாக அடுக்குவோம். நாங்கள் வைத்திருந்த விதிகள் கொஞ்சம்தான். சபை எழுதியிருந்தால் அட்டை அந்தச் சபை ஆயருக்கோ பாஸ்டருக்கோ பங்குத்தந்தைக்கோதான் போகும். எழுதாதவர் வீட்டுக்கு இரு வேறு சபையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து போவார்கள், தனியாக யாரும் போகக் கூடாது. அவராகக் கேட்காதவரை ஞானஸ்நானப் பேச்சை நாம் எடுப்பதில்லை. வேறு சபை உறுப்பினர் என்று தெரிந்த ஒருவருக்கு மறு ஞானஸ்நானம் கொடுத்தால் அந்தச் சபை அடுத்த வருடம் கமிட்டியில் இருக்காது.

ஒருமுறை ஒரு அட்டையில் கடைசி வரியில் ஒரு சபையை எழுதி அடித்து, இன்னொன்றை எழுதி, அதையும் அடித்திருந்தது. முகவரியைப் பார்த்ததும், 'கோர்' என்று அழைக்கப்படும் சேனைச் சபையின் ஊழியரான இரட்சணிய சேனை மேஜர் அம்மா சொன்னார், "இது எங்க கோர்ல வளந்த பிள்ளை. அண்ணன்மாரு சொத்துக் கேசுல நிக்காவ. அந்த முகங்களப் பாக்க வேண்டாம்னு ஆராதனைக்கே வாறதில்ல." பக்கத்தில் இருந்த பெந்தெகொஸ்தே பாஸ்டரின் சபைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தோப்புதான். அவர் நினைத்திருந்தால் மறுநாளே அவளைத் தன் சபையில் உட்கார வைத்திருக்கலாம். அட்டையை மேசை மேலேயே நகர்த்தி மேஜர் அம்மா பக்கம் வைத்தார். "அப்ப நீங்க முதல்ல போய்ப் பாருங்கம்மா. பெறவு கூப்பிட்டா நான் வாறேன்." அந்தப் பெண் இன்றுவரை எந்தச் சபையிலும் ஒழுங்காகக் கணக்கில் இல்லை. ஆனால் புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருகிறாள், அண்ணன்மாரில் ஒருவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறது. எனக்கு அந்த வருடக் கூட்டத்தில் மிகப் பெரிய சம்பவமாகத் தெரிந்தது மேசை மேல் அந்த அட்டை நகர்ந்ததுதான்.

அந்தப் பாஸ்டர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைப் பெரிய சபைக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சபை நிர்வாகத்திலிருந்து மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு ஒரு குடும்பம் கூடினாலும் குறைந்தாலும் அடுப்பு எரியும். முப்பது பேர் கூடும் தனிச்சபைப் பாஸ்டருக்கு ஒரு குடும்பம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகம் என்பது ஜெப வீட்டின் வாடகை. 'ஆடு திருடுகிறார்கள்' என்று நம் ஆட்கள் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆடு எத்தனை மாதம் படுக்கையில் கிடந்தது, நம்மில் யார் போய்ப் பார்த்தோம் என்றும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

உபதேச வேறுபாடுகளைப் பூசி மெழுகுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. சிஎஸ்ஐயும் லுத்தரன் சபையும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும், பெந்தெகொஸ்தேயும் பிரதரனும் அதை ஞானஸ்நானமாகவே ஒத்துக்கொள்வதில்லை. லுத்தரன் நண்பர்கள் எல்லோருடனும் திருவிருந்தில் பங்கெடுக்க மாட்டார்கள். இதெல்லாம் மனச்சாட்சியின் காரியம். ஆகவே ஐக்கியக் கூட்டத்தில் திருவிருந்து வைப்பதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டோம். பிரசங்கியாருக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். பேசாமல் விட்டால் மேடையில் வெடிக்கும்.

கத்தோலிக்கர்கள் எங்கள் பெருவிழாக் கமிட்டியில் சேர்ந்ததில்லை. கிறிஸ்மஸ் ஐக்கிய விழாவுக்கும், ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரத்துக்கும் வருவார்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புக் குறித்த ஆவணத்தை வெளியிட்ட பிறகு அந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது, இந்தப் பக்கம்தான் சிலர் உள்ளே போகத் தயங்குகிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியத்தில் அந்தத் தயக்கம் எனக்குப் போயிற்று. வார்டுக்கு இரண்டு சபைகளிலிருந்து ஜோடியாகப் போவது எங்கள் வழக்கம். கடற்கரை ஊர்ப் பெரியவர் ஒருவர், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவர், தலையணைக்கு அடியில் ஜெபமாலை. என்னோடு வந்த பாஸ்டர் ஜெபமாலையைப் பற்றி மேடையில் காரமாகப் பேசுகிறவர். பெரியவர் கையைப் பிடித்து, "என்ன வேணும் அப்பச்சி?" என்று கேட்டார். "எங்க சாமியாரு." பாஸ்டர் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க இங்க இருங்க. நான் பைக்குல போய்க் கூட்டிட்டு வாறேன்." போனார், பங்குத்தந்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார், நோயில் பூசுதல் முடியும்வரை கதவருகே தலைகுனிந்து நின்றார். அவருடைய உபதேசத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

சபைப் பெயர்களுக்குப் பின்னால் சாதி நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1544-இல் புனித சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற முக்குவர் என்னும் மீனவ மக்களின் வழிவந்தவர்கள் கடலோரத்தில், லண்டன் மிஷன் வழிவந்த சபைகள் பெரும்பாலும் உள்நாட்டில். நடுவில் சில கிலோமீட்டர்தான், பெண் கொடுக்கல் வாங்கல் அபூர்வம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துக் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் இருந்த நாட்களில், அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு எங்கள் வாலிபர்கள் தூத்தூர் பக்கம் போனார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அங்குள்ள கத்தோலிக்கக் கோவில் வளாகத்துக்குள் அதுதான் முதல் தடவை. அங்கே யாரும் அட்டை நீட்டவில்லை, நீட்டக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தோம். உடைந்து கிடக்கிறவனிடம் உதவியை வைத்துக்கொண்டு மதம் பேசுவது நற்செய்தி ஆகாது என்பதில் கமிட்டிக்குள் இரண்டு கருத்து வந்ததில்லை.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நேரில் கண்டவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அதனால் தேதி வைக்கும்போது பக்கத்து இந்துக் கோவில் கொடைத் திருவிழா எப்போது என்று முதலில் விசாரிப்போம். இரவு பத்துக்கு மைக் நிற்கும். பிற மதத்தை இழித்து ஒரு வாக்கியம் பேசினாலும் பிரசங்கியார் அடுத்த இரவு மேடை ஏற மாட்டார். ஐந்து சபைகள் சேர்ந்து இதைச் சொல்லும்போது வெளியூர்ப் பிரசங்கியார் கேட்கிறார். தனிச்சபை ஒன்று சொன்னால் பெரும்பாலும் கேட்பதில்லை.

இப்போது அட்டை குறைந்துவிட்டது. வாலிபர்கள் கியூஆர் கோடு வைத்து வாட்ஸ்அப் எண் வாங்குகிறார்கள். போன வருடம் அந்தப் பட்டியல் யாரோ ஒருவர் கை வழியாக வெளியே போய், கமிட்டியிலேயே இல்லாத சபைகளிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு அழைப்புகள் வந்தன. டின்னில் இருந்த அட்டையை மேசையைச் சுற்றி எல்லோரும் பார்த்தோம், போனுக்குள் இருப்பதை ஒருவர்தான் பார்க்கிறார். அடுத்த கூட்டத்துக்கு முன் நான் கேட்டிருப்பது ஒன்றுதான்: எண்களைத் தாளில் எழுதி, திங்கட்கிழமை எல்லாச் சபையும் உட்கார்ந்த பிறகே பிரிக்க வேண்டும், பிரித்ததும் போனில் இருப்பதை அழிக்க வேண்டும். மேஜர் அம்மாவும் லுத்தரன் ஆயரும் சரி என்றுவிட்டார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.