கையைக் கட்டிக்கொண்டு நின்றவன்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு ரோபோ பிராஜெக்ட் நடத்தும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த தொல்லைதான். நால்வர் அணியில் ஒருவன் எல்லாவற்றையும் செய்வான், ஒருத்தி ரிப்போர்ட் எழுதுவாள், ஒருவன் ஸ்லைடு போடுவான், நான்காவது ஆள் கையெழுத்துப் போடுவார். இதைத் தடுக்கத்தான், பிராஜெக்ட் தொடங்குவதற்கு முந்தைய தயாரிப்பு வாரங்களில் சுழற்சி முறை வைத்திருக்கிறேன். ஒயரிங், கோடிங், சேசிஸ் எனும் உடற்சட்டம், குறிப்பேடு என நான்கு வேலைகளும் நால்வர் கைக்கும் மாறி மாறி வர வேண்டும். ஒரு வேலையை முன்பே அறிந்தவர், மற்றவர் முறையில் கருவியைத் தொடக் கூடாது. பக்கத்தில் நிற்கலாம், கேள்வி கேட்கலாம். விடை சொல்லக் கூடாது.

இந்த விதியை இன்றும் நம்புகிறேன். ஆனாலும் ஓசூரிலிருந்து வந்த அந்தப் பையன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

அவனுடைய அப்பா மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைகள் எல்லாம் அந்தக் கடையில் கழிந்தவை. சால்டரிங் அயர்னை அவன் பிடிப்பதைப் பார்த்தாலே தெரியும். மற்றவர்கள் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துப்போய்த் தடவுவார்கள். ட்ரை சால்டர் ஆகும், அதாவது ஒட்டு சரியாகப் பிடிக்காது. இவன் முதலில் ஒயரையும் டெர்மினலையும் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தைக் காட்டுவான். பெங்களூரில் மின்னணுச் சாமான்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கப் போனபோது, மஞ்சள் கியர் மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தண்டைச் சுற்றிப் பார்த்து, இழுப்பு ஒத்திருந்த இரண்டைப் பொறுக்கினான். லைன் ஃபாலோயர், அதாவது தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் ரோபோ, நேராகப் போவதற்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் வகுப்பில் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஓசூர்க்காரன் என்பதால் லேப் உதவியாளரிடம் கன்னடம், பக்கத்து பெஞ்சில் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஆங்கிலம் மட்டும்தான் அவனுக்குத் தடுமாறும்.

அன்று ஒயரிங் செய்யும் முறை அவன் அணியிலிருந்த பெண்ணுக்கு. பெங்களூரிலேயே பெரிய பள்ளியில் படித்தவள், கோடிங்கில் கெட்டி. மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்டான மோட்டார் டிரைவருக்கு இரண்டு 18650 லித்தியம் செல்களிலிருந்து மின்சாரம், அதற்குக் கட்டளை அனுப்பும் சிறு போர்டான ஆர்டுயினோவுக்கு லேப்டாப்பிலிருந்து. டிரைவரில் விளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கிறது. கோடிங்கை மாற்றினார்கள். டிரைவரை மாற்றினார்கள். மோட்டாரையும் மாற்றினார்கள். பேட்டரியின் மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் இணைக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லாமல், ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட்டை எதிலிருந்து அளப்பது என்று டிரைவருக்குத் தெரியாது. அவன் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டான். கண்டுகொண்டதை நானும் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வகுப்பு முடிய சற்று முன் என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், கிரவுண்டு காமன் பண்ணல. சொல்லிடவா?"

"வேண்டாம்பா. கண்டுபிடிப்பாங்க."

"தெரிஞ்சதைச் சொல்லாம நிக்கிறதுதான் டீம் ஒர்க்கா மேடம்?"

"நீ இல்லாதப்ப அவங்க என்ன பண்ணுவாங்க, யோசிச்சுப் பாரு."

"நான் இருக்கேனே மேடம்."

இவ்வளவுதான் பேச்சு. குரலில் எதிர்ப்பில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். நான் அவனைத் திரும்பப் போய் நிற்கச் சொன்னேன்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்து, பீப் வராத இடத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு இன்னொரு அணி இதே சிக்கலில் நின்றபோது ஓடிப்போய்ச் சொன்னதும் அவள்தான். அவன் அன்றே சொல்லியிருந்தால் ஒரு ஒயரைச் செருகிவிட்டுப் போயிருப்பாள். மல்டிமீட்டர் கைக்கு வந்திருக்காது. விதி எதற்காக இருக்கிறதோ, அது நடந்தது.

பெண்களைப் பற்றிய கவலையும் இந்த விதிக்குள் இருக்கிறது. பொறியியல் பேராசிரியர்கள் பார்பரா ஓக்லி, ரிச்சர்ட் ஃபெல்டர் முதலியோர் 2004இல் மாணவர் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண்ணை ஆண்கள் மட்டுமே உள்ள அணியில் தனியாகப் போடாதீர்கள் என்று சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் குறிப்பெடுக்கும் வேலை தானாக அவளிடம் போய்விடும். நான் படித்த காலத்தில் எங்கள் அணியின் ரெக்கார்டு நோட்டு முழுக்க என் கையெழுத்துதான். லேத்தை இயக்கியவன் வேறொருவன். அதனால் அந்தப் பெண் சால்டரிங் அயர்னைக் கையில் வைத்திருந்த நேரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்படியானால் அவனுக்கு என்ன கிடைத்தது? பொறுமை கற்றிருப்பான், சொல்லிக்கொடுக்கும் கலையைக் கற்றிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் சொல்லிக்கொடுக்கும் கலையை நான் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. வாயை மூடியிருக்கத்தான் விதி போட்டேன். அவன் வளர்ந்த கடையில் பழுது தெரிந்த ஆள் பேசாமல் நின்றால் யாரோ ஒருவருடைய பம்ப்செட் ஓடாது, வயலுக்குத் தண்ணீர் போகாது. தெரிந்ததைச் சொல்வது அங்கே கடமை. "நான் இருக்கேனே" என்று அவன் சொன்னதில் பெருமை எதுவும் இல்லை. இருக்கும் வேலைக்கு இருக்கும் ஆள் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. டெமோ நாளில் பேசுவதும் சுழற்சிதான். நால்வரும் ஆளுக்குச் சில நிமிடம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் நன்றாகக் கோடிங் தெரிந்த அந்தப் பெண்ணுக்குக் கைவசம் ஆங்கிலமும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஒன்றைத் தள்ளிவைத்தாலும் இன்னொன்றில் மிளிர்வாள். அவனுக்கு அந்தக் கல்லூரியில் தலைநிமிர்ந்து நிற்க இருந்தது அந்தக் கைகள் மட்டும்தான். அவற்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும் நான்தான், மேடையில் ஆங்கிலம் பேசச் சொன்னதும் நான்தான். இரண்டுமே அவனுக்குத் தேவை என்று வாதாட என்னால் முடியும். வாதாடியிருக்கிறேன். சக ஆசிரியர் ஒப்புக்கொண்டார், எனக்குத்தான் நிறைவில்லை.

அமெரிக்காவில் எம்ஐடியின் புகழ்பெற்ற இயந்திர வடிவமைப்புப் போட்டியில், பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் நடத்திய 1970களில், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ஒரு பெட்டி நிறையப் பொருள்கள் கொடுத்தார்கள். அவரவர் இயந்திரம் அவரவர் கையால். அங்கே யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எங்களிடம் நால்வருக்கு ஒரு கிட். அணியாகக் கற்பது நல்லது என்று நான் சொல்வது உண்மைதான். அதில் எவ்வளவு கிட் பற்றாக்குறையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பொறியியல் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ வாரியத்தின் அங்கீகாரத்துக்காக நாங்கள் வெகுகாலம் நிரப்பிவந்த, மாணவர் அடைய வேண்டிய 12 விளைவுகளில் ஒன்பதாவது, தனியாகவும் அணியிலும் திறம்பட இயங்குவதைக் கேட்டது. அந்தக் கட்டத்தில் நான் எண்களை நிரப்பிவிடுவேன். அவனுக்கு நிரப்பும்போதும் நிரப்பினேன்.

பிராஜெக்ட் தொடங்கியபோது விதி கிடையாது, யாரும் எதையும் செய்யலாம் என்று அறிவித்தேன். அவர்கள் ரோபோ நன்றாகவே ஓடியது, வளைவில் திரும்பும்போது மட்டும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. இப்போது ஆர்டுயினோவுக்கும் அதே பேட்டரிதான். ஒரு சக்கரம் சட்டென்று பின்னோக்கிச் சுழலும்போது கரண்ட் இழுத்து வோல்டேஜ் சரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டால் சொன்னான், கேட்கும்வரை சொல்லவில்லை. தன் பங்கைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அணியினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் பியர் ரேட்டிங்கில் மற்ற மூவரும் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுப்பவன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்து முதலில் மகிழ்ந்தேன். அவன் விட்டுக்கொடுக்கக் கற்றானா, விலகிக்கொள்ளக் கற்றானா என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

இந்த ஆண்டு விதியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். தெரிந்தவர் ஒரு வகுப்பில் ஒருமுறை விடை சொல்லலாம்; எப்போது என்பது அவர் விருப்பம். பழைய தொல்லை திரும்ப வரும் என்கிறார் சக ஆசிரியர். ஒரு மாணவி தன் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திவிட்டாள், அந்த அணி சீக்கிரம் முடித்துவிட்டது, மல்டிமீட்டரை யாரும் தொடவில்லை. இன்னொரு அணியில் ஒருவன் கடைசிவரை காத்திருந்து சொன்னான். எதை நல்லது என்று எழுதுவது என்று மதிப்பீட்டுத் தாளில் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த ஓசூர்ப் பையன் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். இந்த மாற்றத்தைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன், இன்னும் கேட்கவில்லை.