70 வளைவும் எங்க வீட்டு மணியும்

ஞாயித்துக்கிழமை கொல்லிமலை. காரவள்ளியில ஏறும்போதே எங்க நாய் மணியை மடியில வெச்சுக்கிட்டேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. சின்னவ ஒண்ணு விடாம சத்தமா எண்ணிக்கிட்டே வந்தா. 23-ல மணி ஒரு மாதிரி முழிச்சான். 31-ல, காலையில தின்ன தயிர்சோறு மொத்தமும் என் புதுச் சட்டையில!

"ஏம்மா, கிளம்புற நேரத்துல இவனுக்கு எதுக்குச் சோறு?"ன்னா, "வாயில்லா ஜீவனைப் பட்டினியாவா கூட்டிட்டுப் போறது?"ங்கிறாங்க அம்மா. அந்தச் சட்டையோடதான் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. மணியைப் பார்த்துக்க வாசல்ல முறை வெச்சு நின்னோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி, அதெல்லாம் நமக்கு ஆவாது. மிளகும் மலைவாழைப்பழமும் வாங்கிட்டு இறங்கியாச்சு.

இறங்கும்போது மணி சுகமா தூங்கிட்டான். இந்தத் தடவை வாந்தி எடுத்தது, எண்ணிக்கிட்டு வந்த சின்னவ.