கறுப்பு ஃபெராரியும் நாற்பது மைக்ரானும்

சூப்பர் கார் பாலிஷ் வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பானட்டின் ஒரு பாதி மங்கலாக, மறு பாதி முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று, நடுவே ஒரு மாஸ்கிங் டேப். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பளபள பாதியிலிருந்து எவ்வளவு பெயிண்ட் போனது என்பதை யாரும் சொல்வதில்லை. துபாயில் அல் கூஸ் பக்கம், கார்களை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் ஒரு டீட்டெயிலிங் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன், இந்த விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம், அதனால் சமீபத்தில் வந்த ஒரு வண்டியை வைத்தே விரிவாக எழுதிவிடுகிறேன்.

வண்டி ஃபெராரி 458 இத்தாலியா. 2009-ல் அறிமுகமாகி 2015 வாக்கில் 488-க்கு இடம் விட்ட மாடல். பின்பக்கம் கண்ணாடி மூடிக்குக் கீழே 4.5 லிட்டர் வி8, 9000 ஆர்பிஎம்மில் 570 குதிரைத்திறன், டர்போ கிடையாது. நிறம் நீரோ டேட்டோனா, அதாவது மெட்டாலிக் கறுப்பு. கறுப்பு என்றாலே எங்கள் வேலையில் எல்லாரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், வெள்ளையிலும் சில்வரிலும் கண்ணுக்கே படாத கோடெல்லாம் கறுப்பில் அப்படியே தெரியும்.

வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள். இதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறோம். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கும். எது ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கிறதோ அது மட்டும் மின்னும், அதனால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். இதற்கான காரணத்தை இந்த ஊரில் தேடவே வேண்டாம். பார்க்கிங்கில் நிற்கும் வண்டி மேல் ராத்திரி முழுக்க மணல் தூசி படிகிறது, காலையில் அதைத் துணியால் ஒரு இழுப்பு இழுக்கிறார்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கிளியர் கோட்டை விடப் பல மடங்கு கடினம்.

கிளியர் கோட் என்றால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கு. அடியில் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் இது. பொதுவாக ஃபேக்டரி பெயிண்டில் எல்லாம் சேர்ந்து 100-லிருந்து 140 மைக்ரான் இருக்கும், அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரானை ஒட்டி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே இந்த அடுக்கை விடத் தடிமன். வெயிலிலிருந்து பெயிண்டைக் காக்கும் யூவி தடுப்பான்கள் இருப்பதும் இதில்தான். பாலிஷ் போடுவதால் கீறல் அடைபடுவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். ஒருமுறை எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வராது.

அதனால் பாலிஷ் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டர். இங்கேதான் இந்த மாதிரி வண்டிகள் சாதாரண கார்களிலிருந்து விலகுகின்றன. விலை குறைந்த திக்னஸ் மீட்டர்கள் பல காந்தத்தை நம்பி வேலை செய்கின்றன, இரும்புத் தகட்டில் மட்டும்தான் காட்டும். 458-ன் பாடி அலுமினியம். அதற்கு எடி கரண்ட் முறையில், அதாவது உலோகத்தில் மின்சுழலைத் தூண்டி அளக்கும் மீட்டர் வேண்டும். பம்பரோ பிளாஸ்டிக், அதில் அதுவும் காட்டாது, ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசானிக் மீட்டர்தான் வழி, விலையும் எக்கச்சக்கம். கார்பன் ஃபைபர் பாடி உள்ள வண்டிகளிலும் இதே கதைதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சாதாரண மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமன்தான். 120 என்று காட்டினால் அதில் கிளியர் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று தெரியாது. அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுவது அல்ட்ராசானிக்கில் சில மாடல்கள் மட்டும்.

இந்த வண்டியில் கூரையும் பானட்டும் 120-க்குப் பக்கத்தில் ஒரே சீராக இருந்தன. இடது பின் ஃபெண்டர் 240-ஐத் தாண்டியது. முன்பு எப்போதோ அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உரிமையாளருக்கே இது தெரியாது, வாங்கும்போது யாரும் சொல்லவில்லையாம். வலது கதவின் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் 88. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினை வைத்து அந்த இடத்தை யாரோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அது விட்டுப்போகும் ஹாலோகிராம் கோடுகள் அங்கேதான் அதிகமாகவும் இருந்தன. மீட்டர் பிடிக்காமல் நேராகக் காம்பவுண்டை, அதாவது தேய்க்கும் பசையை, எடுத்திருந்தால் இந்த இடம் எங்கள் கையிலேயே போயிருக்கும்.

கழுவும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபோம், பிறகு கை படாமல் பிரஷர் வாஷ், அப்புறம்தான் மிட் என்கிற கழுவும் கையுறை. பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள்களுக்கு அயர்ன் ரிமூவர், அடித்த கொஞ்ச நேரத்தில் ஊதா நிறத்தில் வழியும், நாற்றம் குடலைப் புரட்டும். மிச்சத்துக்குக் கிளே பார், அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. கடைசி அலசலுக்கு டீஅயனைஸ்டு தண்ணீர், உப்புக் கறை விழாது. இதையெல்லாம் ஏசி அறைக்குள் செய்கிறோம். இங்கே கோடையில் வெளியே நிற்கும் கறுப்பு பானட்டில் காம்பவுண்ட் தடவினால் மெஷினின் பேட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் காய்ந்துவிடும்.

டேப் ஒட்டுவதற்கே பாதி நாள் போகும், போகட்டும். பெயிண்ட் விளிம்புகளில் இயல்பாகவே மெலிந்துதான் நிற்கும், ஈரமாக இருக்கும்போதே கூர்மையான ஓரத்திலிருந்து விலகி ஓடிவிடுகிறது. பேட்டின் அழுத்தமோ அந்த ஓரத்தில்தான் குவியும். அதனால் ஒவ்வொரு பேனல் ஓரமும், ஒவ்வொரு மடிப்பும் டேப்புக்கு அடியில். 458-ன் முன் பம்பர் வாயில் இரண்டு சின்னச் சிறகுகள் உண்டு, வேகம் ஏற ஏற காற்றழுத்தத்தில் கீழே வளைந்து ரேடியேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றையும் எஞ்சின் பக்கத்துக் காற்றுத் துளைகளையும் முழுசாக மூடிவிட்டோம், காம்பவுண்ட் தூசி உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு.

பிறகு டெஸ்ட் ஸ்பாட். கூரையில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு சதுரம். இருப்பதிலேயே மென்மையான பேட், இருப்பதிலேயே மெல்லிய பாலிஷ், அதில் சரியாகவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே. எடுத்த எடுப்பில் வுல் பேடும் ஹெவி காம்பவுண்டும் வைப்பவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. மெஷின் இத்தாலியின் ரூபெஸ், 15 மில்லிமீட்டர் த்ரோ, அதாவது தள்ளாடும் அகலம், உள்ள டூயல் ஆக்‌ஷன். பேட் சுற்றவும் செய்யும், தள்ளாடவும் செய்யும், அதனால் சூடு ஒரே இடத்தில் சேராது. பானட்டில் நடுத்தர ஃபோம் பேடே போதுமானதாக இருந்தது. குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை, முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி மெதுவாக. கையால் பேனலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது. பம்பரில் இன்னும் கவனம். அலுமினியம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, அந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஆல்கஹால் கலந்த பேனல் வைப் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து அதை மறைத்துவிடும், வண்டி வீட்டுக்குப் போய் நாலு தடவை கழுவியதும் எல்லாம் வெளியே வந்துவிடும். வாடிக்கையாளரிடம் வாங்கும் காசுக்கு அது நியாயமில்லை.

வலது கதவில் இருந்த கோடு பற்றித்தான் உரிமையாளரோடு நீண்ட பேச்சு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. நகம் மாட்டினாலே ஆழமான கீறல், அதன் அடிமட்டம் வரை இறக்கினால் அங்கே கிளியர் கோட் மிஞ்சாது. அதுவும் 88 காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே. "காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, ஒரு கோடுகூட இருக்கக் கூடாது" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோட்டின் ஓரங்களை மட்டும் மெல்லிய பாலிஷில் மழுக்கினால் ஒளி பட்டுத் தெறிப்பது குறையும், நாலடி தள்ளி நின்றால் கண்ணில் படாது, முழுசாகப் போகாது. மீட்டரைக் கையில் கொடுத்து அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண்ணைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

ஃபெராரி எஃப்40 பற்றி இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1987-ல் கம்பெனியின் நாற்பதாவது ஆண்டுக்காக வந்தது. எடை குறைய வேண்டும் என்று பெயிண்டை அவ்வளவு மெல்லிசாக அடித்தார்கள், சிவப்புக்கு அடியில் பாடியின் கார்பன்-கெவ்லார் இழை நெசவு தெரியும். அந்த நெசவு தெரிந்தால்தான் அசல் பெயிண்ட் என்று சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள். கனமாக மறுபெயிண்ட் அடித்தால் நெசவு மறைந்துவிடும், மதிப்பும் அதோடு இறங்கும். அப்படிப்பட்ட வண்டியில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்று தேய்ப்பவர் அசலையே தேய்த்து எடுக்கிறார்.

முடிவில் இந்த 458-ல் பெரும்பாலான பேனல்களில் இரண்டு மூன்று மைக்ரானுக்கு மேல் இறங்கவில்லை, ஸ்வர்ல் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டது. வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தியபோது கறுப்புக்குள் மெட்டாலிக் துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. மேலே செராமிக் கோட்டிங் போட்டோம். "9ஹெச் என்றால் இனி கீறலே விழாதா?" என்று கேட்டார். அது பென்சில் சோதனையில் வரும் அளவு, 9ஹெச் பென்சிலால் கீற முடியாது என்பதுதான் அதன் அர்த்தம், மணலுக்கு அது பொருட்டே இல்லை. கோட்டிங் போட்டால் அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். கல் தெறிப்புக்குப் பிபிஎஃப் என்கிற பெயிண்ட் பாதுகாப்புப் படலம்தான், அது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம், வேறு ரகம்.

வண்டியை எடுக்க வந்தது அவருடைய டிரைவர், ராமநாதபுரத்துக்காரர். தினமும் கழுவுவதும் அவர்தான். அதனால் உரிமையாளரிடம் பேசியதை விட அவரிடம்தான் அதிகம் பேசினேன். "காஞ்ச துணிய வச்சு மட்டும் தொடவே தொடாதீங்கண்ணே, தூசி இருந்தா அப்படியே விடுங்க" என்றேன். "முதலாளி காலைல தூசியப் பாத்தா சத்தம் போடுவாருப்பா" என்றார். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் மிட்டை அலச வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே நேர்கோட்டில் என்று அவரை வைத்தே ஒரு பக்கத்தைக் கழுவச் செய்து காட்டினேன். நன்றாகவே செய்தார். அன்றைக்கே உரிமையாளருக்கும் விவரத்தைச் சொல்லி, எல்லாப் பேனல்களின் முன்-பின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். 88 இருந்த இடம் இப்போது 87. இனி எந்தக் கடைக்குப் போனாலும் மெஷினை வைக்கும் முன் அந்தத் தாளைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.